ஊசியில் வரும் ஆண்மை

‘ஆண்மை’ என்ற சொல்லைப் பாடம் நடத்தும்போது நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது வேளாண்மை, தாளாண்மை, இல்லாண்மை என்ற மூன்றையும். மூன்றும் குறளில் உள்ளவை. மூன்றிலும் மீசை கிடையாது. பொறுப்பேற்று நடத்துவது, முயல்வது, பிறர்க்கு உதவுவது என்றுதான் பொருள் விரிகிறது. பிறன் மனைவியை நோக்காத குணத்துக்குப் பேராண்மை என்று வள்ளுவர் பெயர் வைக்கும்போதும் தன்னைத் தான் ஆள்வதைத்தான் சொல்கிறார். “ஆனா மேடம், அங்கயும் ஆம்பளையை நெனச்சுத்தானே சொல்றாரு” என்று ஒரு மாணவி குறுக்கிட்டாள். சரிதான்.

பெரியார் இந்தச் சொல்லை நம்பவே இல்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் கடைசிக் கட்டுரை, பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று வாதிடுகிறது. வீரத்தையும் விடுதலையையும் ஆணின் பெயரிலேயே எழுதிவைத்துக்கொண்ட சமூகம் பெண்ணுக்கு எதை மிச்சம் வைக்கும் என்பதே அதன் சாரம். பேருந்து நிலையச் சுவர்களோ இதே சொல்லை வைத்து வேறு பாடம் நடத்துகின்றன. ஆண்மைக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார். அந்தச் சுவரொட்டி கிளப்பும் பயத்துக்கு இப்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் பதிலாக வந்திருக்கின்றன.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு பேசும் வில்லாளி. இதே மலையில்தான் கொல்லிப்பாவையும் இருந்தாள். சிரித்து மயக்கி ஆண்களைக் கொல்பவள் என்று அவளுக்குக் கதை. அவன் ஐந்து உயிரைக் கொன்றது வீரம். அவள் சிரித்தது கொலைப்பழி. தமிழ் படித்த எனக்கு இந்த மலையில் ஏறும்போதெல்லாம் இந்தக் கணக்கு உறுத்தும்.

சுற்றுலாக்காரர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கும் கடைகளில் மூட்டுவலிக்கு உரத்த குரலில் விளம்பரம் நடக்கும். ஆண்களுக்கான சூரணம் மட்டும் தாழ்ந்த குரலில் விற்கும். நிலப்பனைக் கிழங்கு, பூனைக்காலி விதை என்று அடுக்கியிருந்த ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். “அது உங்களுக்கு இல்லீங்க மேடம்” என்று கடைக்காரர் வாங்கி வைத்துவிட்டார்.

அந்தப் பயணத்தில்தான் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு பேச்சு வளர்ந்தது. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அறப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன் என்று வேண்டுதல்கள். பிறகு சேலம் வரை இறங்கி ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை, எல்லாம் அவளுக்கே. கணவர் சமவெளியில் வண்டி ஓட்டுகிறவர். அசதியாக இருக்கிறது என்று போன இடத்தில் ‘தெம்புக்கு’ ஊசி போட்டிருக்கிறார்கள். நன்றாக இருந்ததால் தொடர்ந்து போட்டுக்கொண்டார். மாமியார் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்த பிறகு, சட்டைப்பையில் கிடைத்த மருந்துச்சீட்டை அவள் ஒரு செவிலியரிடம் காட்டியிருக்கிறாள். “ஊசி போட்டவரு புள்ள வேணுமான்னு கேக்கல. இவரும் எங்கிட்ட சொல்லல. நான் மட்டும்தான்க்கா ஆறு வருசமா எல்லாருக்கும் பதில் சொன்னேன்” என்றாள்.

அந்தச் சீட்டில் இருந்தது டெஸ்டோஸ்டிரோன். அது வேலை செய்யும் விதத்தைப் பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விதைப்பையை வேலை வாங்குகிறது. அங்கே டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உருவாகின்றன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை கணக்கிட்டு அந்தக் கட்டளையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கலாம், விந்தணு குறையும், சிலருக்கு அற்றே போகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். வாரந்தோறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு ஆண்களுக்கான கருத்தடையாக அது பயன்படுமா என்று உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் ஆராய்ந்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. பயன்பட்டது. ஆண்மைக்கென்று போடும் ஊசி கருத்தடை ஊசியாகவும் இருக்கிறது. பழி மட்டும் வழக்கம்போல மலடி என்ற சொல்லைத் தேடிப் போகிறது. ஆணைக் குறிக்க அதற்கு இணையாக அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்லி ஆண்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு பிறந்தவர்கள், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்கள், பொன்னுக்கு வீங்கி விதைப்பைவரை பரவியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு சுரப்பு நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எலும்பு மெலியும், இரத்தம் குறையும், உற்சாகம் வடியும். அவர்களுக்கு இந்த மருந்து, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போல. திருநம்பிகளுக்கோ தங்கள் உடலைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளும் வழி. அவர்கள் இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கத்தால் மருத்துவரிடம் போகாமல் லாட்ஜ் வைத்தியரிடம் போகிறவர்களும் ஆண்மை என்ற சொல்லிடம் அடிபட்டவர்களே.

எனக்கு வழக்கு வேறிடத்தில். அறிகுறிகளும் இருந்து, இரண்டு தனித்தனி நாட்களில் காலையில் எடுத்த இரத்தத்திலும் குறைவு தெரிந்தால்தான் குறைபாடு என்று முடிவு செய்ய வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். வயதாவதால் மட்டும் குறைகிறவர்களுக்கு இது அங்கீகரிக்கப்பட்ட மருந்தல்ல என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது. 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் சற்று அதிகமாக இருந்தன. ஐம்பது வயதில் ஆணுக்கு வரும் களைப்பு இவ்வளவு ஆய்வுக்கும் விளம்பரத்துக்கும் உரியதாகிறது. அதே வயதில் உடம்பு கொதித்துத் தூக்கமில்லாமல் எழுந்து உட்காரும் அவன் மனைவியிடம் “எல்லாருக்கும் நிக்கிறதுதானே” என்கிறோம்.

இனி ஓர் எண். ஆண்களுக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அளவை முறையை மாற்றிச் சொன்னால் லிட்டருக்கு ஏறத்தாழ 10 நானோமோல். உலகத் தடகளச் சம்மேளனம் 2011-இல் பெண்களுக்கு விதித்த உச்சவரம்பும் அதே 10. ஆண்களின் இயல்பு அளவு தொடங்கும் இடம் என்பதால் அங்கே கோடு போட்டார்கள். பெண்ணின் உடலும் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது, அவளுக்கும் அது தேவை என்பது அந்தக் கோட்டைத் தாண்டியதும் மறந்துபோகும். கோட்டுக்குக் கீழே நிற்கும் ஆணுக்கு ஏற்றிக்கொள்ள மருந்து; மேலே நின்ற பெண்ணுக்கு அந்த விதியின்படி இறக்கிக்கொள்ள மருந்து, இல்லையேல் களத்தைவிட்டு வெளியே என்றிருந்தது. உடல்கோளாறால் குறைபாடு உள்ள ஆண் விளையாட்டு வீரர், மருத்துவச் சான்று காட்டி ஊசி போட்டுக்கொண்டே போட்டியிட விலக்குக் கேட்க முடியும். யாருடைய இயற்கை திருத்தத்துக்கு உரியது, யாருடைய இயற்கை உதவிக்கு உரியது என்பதை அறிவியல் தீர்மானிக்கவில்லை. அது தீர்மானித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் இந்த விதியால் காமன்வெல்த் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். மருந்து சாப்பிட மறுத்து வழக்குப் போட்டார். 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. பிறகு சில ஓட்டங்களுக்கு வரம்பு 5 ஆயிற்று, 2023-இல் 2.5. இயற்கை அப்படியேதான் இருந்தது, கோடுதான் நகர்ந்தது.

தூத்திக்கு முன்னால் நம் ஊரில் ஒருவர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்றார்கள். ஓர் ஆணின் ஹார்மோன் அறிக்கை மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருக்கும். சாந்தியின் உடலைத் தொலைக்காட்சிகள் ஊருக்கே வாசித்துக் காட்டின. அவருடைய உடலில் எது எவ்வளவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மீண்டவர் அவர். பின்னாளில் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார். பறித்த பதக்கத்தைத் திரும்பக் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்.