கடை வாசலில் நம் நாவு

 



தொழுகையில் ஸஃப்பை நேராக்குகிறோம். நோன்பு நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டதோ என்று ஐயம் வந்தால் ஆலிம்களைத் தேடி வந்து மஸ்அலா கேட்கிறோம். இந்தப் பேணுதல் போற்றத்தக்கது. ஆனால் பள்ளிவாசலை விட்டு இறங்கிக் கடைவீதிக்குப் போனதும், சற்று முன் ஸலாம் கொடுத்த அதே வாயிலிருந்து புறப்படும் சொற்களைப் பற்றி மஸ்அலா கேட்போர் மிகச் சிலரே. அந்தச் சொற்களைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம். குறிப்பாக, டிராக்டர், பவர் டில்லர், ரோட்டவேட்டர் முதலான உழவு இயந்திரங்கள் விற்கும் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி.

மார்க்கப் பத்திரிகையில் டிராக்டர் கடைப் பேச்சு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். மனிதன் பேசுகின்ற இடமெல்லாம் மலக்குகள் எழுதுகின்ற இடம்தான்.

1997-ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒரே சேலம் மாவட்டமாக இருந்தது நமது இந்தச் சமவெளி. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியும் மஞ்சளும், பரமத்தி வேலூர், மோகனூர்க் காவிரிக் கரையில் கரும்பும் வெற்றிலையும் வாழையும், மற்ற இடங்களில் வானம் பார்த்த கடலையும் சோளமும் என்று விளையும் பூமி. நம் ஜமாஅத்துகளிலும் சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் வைத்திருப்போர் உண்டு. டிராக்டரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்போரும் உண்டு. மாடு கட்டி ஏர் பூட்டிய காலம் போய், மழை பெய்தவுடன் டிராக்டரைத் தேடும் காலம் வந்துவிட்டது.

மானாவாரி நிலத்தில் மழை பெய்தபின் ஈரம் நிற்பது சில நாட்களே. அதற்குள் உழுது விதைத்தால் உண்டு. தவறினால் அந்தப் பட்டமே போயிற்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த நேரம் பார்த்து வண்டி நின்றுவிட்டால் விவசாயியின் வயிறு எரியும். அறுவடையை நம்பி வங்கியில் வாங்கிய கடனுக்கு ஆறு மாதத் தவணை வேறு தலைக்கு மேல் நிற்கும். ஆகவே கோபம் வருவதை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் கோபம் யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் நம் கேள்வி.

அது எப்போதும் கவுண்டரில் நிற்கும் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. ஸ்பேர் எடுத்துக் கொடுக்கும் பையன், கிரீஸ் படிந்த கையோடு வரும் மெக்கானிக், பில் போடும் பெண், தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லும் பெண் ஆகியோர்தாம் அகப்படுகிறார்கள். "ஏண்டா, களவாணிப் பசங்களா! ஏமாத்திப் பொழைக்கவா கடை வெச்சிருக்கீங்க?" என்கிறோம். பெற்ற தாயை இழுத்துப் பேசுவோர் உண்டு. என்ன சாதி என்று கேட்டு இழித்துரைப்போரும் உண்டு. நம்மைப் பெற்றவர் வயதுள்ளவரையும் 'வாடா, போடா' என்கிறோம். அதே கடையின் முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டாலோ, நம் குரல் இறங்கிவிடுகிறது. "வாங்கண்ணா, உட்காருங்கண்ணா" என்ற மரியாதையும் வந்துவிடுகிறது. அப்படியானால் நம்மை ஆட்டியது அடக்க முடியாத கோபம் அன்று. எளியவனைக் கண்டால் ஏறும் கோபம் அது.

அந்தப் பிள்ளைகளின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதையும் சிந்தித்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உழவு டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்திய வாரம் வாங்கியவருக்கு மனம் வேகத்தான் செய்யும். ஆனால் அந்த வரியை விதித்தவரோ குறைத்தவரோ கவுண்டரில் இருப்பவர் அல்லர். மானியத்தின் கதையும் இதுவே. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்படி, பொதுவான விவசாயிகளுக்கு 40 சதவீதமும், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் என உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. மனுவைப் பார்ப்பதும் அனுமதி தருவதும் வேளாண்மைப் பொறியியல் துறை. பணம் வரத் தாமதமானால் ஏச்சு வாங்குவதோ விற்பனைப் பையன். வாரண்டி உண்டா இல்லையா என்பதும் கம்பெனியின் விதி. டிராக்டருக்கு ஓடிய தூரம் கணக்கில்லை. ஓடிய மணிநேரமே கணக்கு. குறித்த மணிக்குச் சர்வீஸ் விடாமல் ஓட்டிவிட்டு, வாரண்டி செல்லாது என்று சொன்னவன் மீது பாய்வது எந்த நீதி?

2022 ஜனவரியில் நம் பக்கத்து மாநிலமாகிய கர்நாடகத்தில், துமகூரில் நடந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். சரக்கு வண்டி வாங்கச் சென்ற ஒரு விவசாயியை அவருடைய உடையைப் பார்த்து எடைபோட்டு, பத்து ரூபாய்கூட இராது என்ற பொருளில் ஏளனம் செய்தார் விற்பனையகத்து ஊழியர். அந்த விவசாயி சிறிது நேரத்திலேயே பத்து லட்சம் ரூபாயைத் திரட்டிக்கொண்டு வந்து முன்னே வைத்தார். பிறகு ஊழியர் மன்னிப்புக் கேட்டார். கம்பெனியும் வருத்தம் தெரிவித்தது. நாடே அந்த விவசாயியின் பக்கம் நின்றது. நின்றது சரியே. அழுக்கு வேட்டியைக் கண்டு மனிதனை அளப்பது பாவம்.

ஆனால் சகோதரர்களே! அழுக்கு வேட்டிக்கு இருக்கும் மானம் கிரீஸ் படிந்த சட்டைக்கு இல்லையா? அன்று ஊழியர் செய்ததை நாள்தோறும் நாம் ஊழியரிடம் செய்கிறோம். அது எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அந்தப் பையன் பத்து லட்சம் கொண்டுவந்து நம் முன்னே வைக்கவும் முடியாது. வேலை போய்விடும் என்று தலையைக் குனிந்துகொள்கிறான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அபூதர் (ரலி) அவர்கள் எத்தகைய மேன்மையுள்ள ஸஹாபி! அவர்களே ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துப் பேசிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் ஒட்டியிருக்கிறது என்ற கருத்தில் கண்டித்து, நமக்குப் பணி செய்வோர் நம் சகோதரர்களே என்று போதித்தார்கள். அந்தப் போதனை அபூதர் (ரலி) அவர்களை எவ்வளவு மாற்றிவிட்டதெனில், தாம் உடுத்தும் துணியைப் போன்றதையே தம் பணியாளுக்கும் உடுத்தினார்கள். இது புகாரீயில் பதிவான செய்தி. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகத்தின் இல்லத்தில் ஊழியம் செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு 'சீ' என்ற சொல்கூடக் கேட்டதில்லை என்கிறார்கள். நமக்கோ, ஒரு பெல்ட்டும் இரண்டு போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் ஐந்து நிமிடத்திற்குள் எத்தனை 'சீ'!

"உரிமை உள்ளவன் கேட்கக்கூடாதா?" என்று சிலர் வினவலாம். தாராளமாகக் கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்குச் சேரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்து கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மீது பாய எண்ணியபோது, உரிமைக்காரருக்குப் பேச இடமுண்டு, விட்டுவிடுங்கள் என்று தடுத்து, அவருக்குரியதைவிட மேலான ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். இந்த ஹதீஸைச் சிலர் நம் பக்கம் ஆதாரமாகக் காட்டுவதைக் கேட்டிருக்கிறோம். நன்றாகக் கவனியுங்கள். நாயகம் காட்டியது, கொடுக்க வேண்டியவர் கொள்ள வேண்டிய பொறுமை. கடைக்காரருக்கு அதில் பாடம் உண்டு. ஆனால் கடுஞ்சொல் பேசியவரை நாம் பின்பற்றும்படி யாரும் சொல்லவில்லை. நாம் பின்பற்ற வேண்டியவர் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லவா? விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு ரஹ்மத்தை வேண்டி அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். பிர்அவ்னிடம் தன் நபிமார்கள் இருவரை அனுப்பியபோதே, மென்மையாகப் பேசும்படி அல்லாஹுத்தஆலா கட்டளையிட்டான். ஸ்பேர் கவுண்டரில் நிற்கும் பையன் பிர்அவ்னைவிடக் கெட்டவனும் அல்லன். நாம் மூஸா (அலை) அவர்களைவிட மேலானவர்களும் அல்லர்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் குற்றத்தை மறைப்பது அமானிதமாகாது. ஆதலால் அதையும் எழுதுகிறோம்.

நாம் ஓதி முடித்து ஊர் திரும்பிய புதிதில், கடலை விதைப்பு நேரத்தில் நம் அத்தாவின் டிராக்டர் நடுக்காட்டில் நின்றுவிட்டது. வாங்கிச் சில மாதங்களே ஆன வண்டி. கடைக்குப் போன் செய்தோம். மறுநாள் மதியந்தான் ஆள் வந்தார். இருபது வயதிருக்கும். வந்தவரை வண்டியில் கைவைக்கக்கூட விடாமல், காட்டில் வேலைக்கு நின்ற ஆட்கள் முன்னிலையில் நாம் ஏசினோம். ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றோம். ஹராமான காசு என்றுகூடச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஃபில்டரைக் கழற்றி ஒரு பாட்டிலில் வடித்து நம் முன்னே நீட்டினார். "பாய், டீசல்ல தண்ணி கலந்திருக்குதுங்க. கேனைக் கொஞ்சம் பாருங்க" என்றார். டீசலைவிடத் தண்ணீர் கனம் அல்லவா? பாட்டிலின் அடியில் அது தனியே தெரிந்தது. கொட்டகை ஓரம் மூடியில்லாமல் மழையில் கிடந்த நம் வீட்டுக் கேன்! வண்டியில் குறையில்லை, கடையிலும் குறையில்லை. அவர் எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்த டீயையும் குடிக்காமல் போய்விட்டார். அத்தா நம்மைப் பார்த்து, "ஏழு வருஷம் ஓதிட்டு வந்தது இதுக்குத்தானாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றே போயிருந்தால் முடிந்திருக்கும். வெட்கம் தடுத்தது. இன்று, நாளை என்று இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போனபோது, அவர் வேலையை விட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கொடுத்த போன் எண்ணிலும் கிடைக்கவில்லை. அங்கிருந்த மற்றப் பிள்ளைகள் முன்னிலையில், குற்றம் எங்களுடையது, அவர்மேல் ஒரு தவறுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். அவருக்காக இன்றும் துஆச் செய்கிறோம். ஆனால் அவர் மன்னித்தாரா என்பது நமக்குத் தெரியாது. தாடியும் தொப்பியுமாக நின்று ஏசிய நம்மைக் கண்டு, தீனைப் பற்றி அவர் என்ன எண்ணியிருப்பார் என்பதும் நெஞ்சில் முள்ளாகவே நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறோம்? அல்லாஹ்வுக்கும் நமக்கும் உள்ள பாவங்களைத் தவ்பாவினால் அவன் மன்னிக்கக்கூடும். அடியார்களின் ஹக்கோ, உரியவர் மன்னிக்கும்வரை கழுத்தில் தொங்கிக்கொண்டேயிருக்கும். தொழுகை, நோன்பு, ஜகாத் அனைத்தோடும் மஹ்ஷருக்கு வந்து, ஒருவரை ஏசியதற்கும் மற்றொருவர்மீது பழி சுமத்தியதற்கும் நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து, பின்னர் அவர்களின் பாவங்களையும் சுமந்து நரகம் செல்பவரே உண்மையில் ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் அறிவித்துள்ளார்கள். அந்த மெக்கானிக் எந்த மதத்தவர் என்று நாம் பார்க்கலாம். அந்தத் துஆ பார்க்காது.

ஆகவே அன்பர்களே, நாம் செய்யத்தக்கது இதுதான். கடைக்குப் போனால், வயதுக்குத் தக்கபடி 'அண்ணா', 'தம்பி', 'அம்மா' என்று அழையுங்கள். குறையை நிதானமாகச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லையேல் முதலாளியைப் பாருங்கள்; கம்பெனிக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையமும் உண்டு. பிழைப்புக்காக இயந்திரம் வாங்கித் தாமே ஓட்டும் விவசாயியையும் நுகர்வோர் என்றே அச்சட்டம் கொள்கிறது. நியாயம் கேட்க இத்தனை வாசல்கள் திறந்திருக்க, ஒரு பிள்ளையின் மானத்தை மிதித்துப் போகும் வழி எதற்கு? நாம் கொடுக்கும் பணம் இயந்திரத்துக்கு விலை. மனிதனின் மானத்துக்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று அஞ்சி, உங்கள் ஊழியர் ஏச்சு வாங்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து வந்து நடுவில் நில்லுங்கள். தாய்மார்களே! போனை எடுத்து யாரையோ 'அவன், இவன்' என்று நாம் பேசும்போது, மடியிலிருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும், நாம் ஏசிய முகம் ஒன்று நினைவுக்கு வருமானால், அந்த வெட்கத்தைத் தள்ளிப்போடாமல் நாளைக் காலையே போய்விடுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் அங்கே வேலையில் இருப்பது நமக்கு அல்லாஹ் தந்திருக்கும் அவகாசம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவினால் புண்பட்டோர் உள்ளத்தை நீயே ஆற்றுவாயாக! அவர்கள் எங்களை மன்னிக்கும்படி செய்வாயாக! எளியோரிடம் பணிவையும், கோபத்தில் நிதானத்தையும், எங்கள் சொல்லில் மென்மையையும் தந்தருள்வாயாக! எங்கள் காடு கழனிகளில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.