சுவரும் துரும்பும்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தின் பழைய அமைப்பில், அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். அத்தகைய சுவர் மனிதர்களைப் பிரிக்கிறதா, இணைக்கிறதா?

ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. 8-ஆம் ஆண்டையொட்டி நிறைவு செய்த 'மெட்டமார்ஃபசீஸ்' காவியத்தில் இத்தகைய சுவர் ஒன்று வருகிறது. பாபிலோனில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த பிரமஸும் திஸ்பியும் ஒருவரையொருவர் விரும்பினர். பெற்றோர் தடுத்தனர். பொதுச்சுவரிலிருந்த விரிசல் வழியே இருவரும் பேசினர். சுவரை நொந்துகொண்டனர், அதற்கு நன்றியும் கூறினர்.

பின்னர் ஓரிரவு, நகருக்கு வெளியே ஒரு முசுக்கொட்டை மரத்தடியில் சந்திக்க முடிவு செய்தனர். முதலில் வந்த திஸ்பி, பெண் சிங்கம் ஒன்றைக் கண்டு ஓடினாள். அவள் நழுவவிட்ட முக்காட்டை, இரையின் இரத்தம் தோய்ந்த வாயால் சிங்கம் கிழித்தது. கறைபடிந்த துணியைக் கண்ட பிரமஸ், அவள் இறந்துவிட்டாள் என்றே தீர்மானித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். திரும்பி வந்த திஸ்பியும் அவ்வாறே மடிந்தாள்.

சுவர் இருந்தவரை ஒருவர் குரல் மற்றவரை எட்டியது. அதைக் கடந்த பின்னரோ, ஆராயாத ஒரு முடிவு இருவரையும் அழித்தது. இருளில் கயிற்றைப் பாம்பாகக் காண்பதை வேதாந்தம் உதாரணம் காட்டுகிறது: உண்மையை மறைப்பது ஆவரணம், இல்லாததைத் தோற்றுவிப்பது விக்ஷேபம். பிரமஸின் கையிலிருந்த துணி அத்தகைய கயிறே. இதனால் பெற்றோர் எழுப்பிய தடை நியாயமாகிவிடாது. அவர்களை இருளுக்குள் அனுப்பியது அத்தடைதானே!

வால்மீகி ராமாயணத்திலோ ராமனுக்கும் சீதைக்கும் நடுவே நூறு யோசனைக் கடல் கிடந்தது. முதுகில் சுமந்து செல்வதாக அனுமன் கூறியும் சீதை இசையவில்லை. ராமனே வந்து மீட்பதுதான் முறை என்றாள். அவள் நம்பிக்கையைக் கடலால் பிரிக்க முடியவில்லை. அதே அசோகவனத்தில், எதிரே வந்து நின்ற ராவணனுக்கும் தனக்கும் நடுவே அவள் ஒரு துரும்பை வைத்தாள். அதை அவனால் கடக்க முடியவில்லை. தடையின் வலிமை பொருளில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

ஆயினும் போர் முடிந்து, கடல் தடையாக இல்லாத அந்த நாளில், ஐயத்தின் சொல் ஒன்று இருவருக்கும் குறுக்கே நின்றது. அக்னி சாட்சி கூறிய பின்னரே அது விலகியது. உலகத்தாரின் பொருட்டே அவ்வாறு செய்ததாக ராமன் பின்னர் விளக்குகிறான். எனினும் சீதையின் வேதனையை வால்மீகி மறைக்கவில்லை.

கடல் கடந்து வாழ்வோர் ஒரே மனத்தினராக இருப்பதையும், ஒரே கூரையின்கீழ் இருப்போர் பேச்சற்றுப் போவதையும் இன்று நாம் காண்கிறோம். அன்புடையவரைப் பற்றி ஐயம் எழும்போது, தீர்ப்புக் கூறுமுன் அவரிடமே கேட்போமாக. அந்த ஒரு விரிசலையேனும் அடைக்காதிருப்போம்.