நிழலும் வாய்மையும்

சிற்பி மறைந்தாலும் கல் நிற்கிறது. புலவன் மறைந்தாலும் ஏடு நிற்கிறது. நடனமோ ஆடும்பொழுதே மறைந்துபோகும் கலை. படக்கருவி தோன்றிய பின்னர் அம் மறைவைத் தடுக்க மனிதனுக்கு ஒரு வழி பிறந்தது. அதனோடு ஓர் அறக்கேள்வியும் பிறந்தது. ஆடுபவரின் உடலால் இயலாத ஒன்றைத் திரை இயன்றதாகக் காட்டுமாயின், அது கலையா, பொய்யா?

இக்கேள்விக்கு விடை காண ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் 1968இல் ‘பா த தெ’ என்னும் குறும்படத்தை ஆக்கினார். இருவர் ஆடும் நடனம் என்பது அப்பிரெஞ்சுத் தொடரின் பொருள். மார்கரெட் மெர்சியே, வின்சென்ட் வாரன் என்னும் பாலே கலைஞர் இருவர் வெள்ளாடை உடுத்துக் கரிய பின்னணியில் ஆடினர். உடலின் விளிம்புகள் மட்டும் ஒளிருமாறு விளக்குகள் அமைக்கப்பட்டன. பின்னர் அப்படச்சுருளைச் சிறிது சிறிதாகப் பின்தள்ளி, ஒரே படச்சட்டத்தின்மீது 11 தடவை வரையிலும் பதித்தார் மெக்லாரன். உயர்த்திய கை விசிறிபோல் விரிந்தது. நங்கை தன் உருவிலிருந்தே பிரிந்து வந்து தன்னோடு தானே ஆடினாள். ருமேனிய நாட்டுக் குழலிசை அவ்வுருவங்களோடு இழைந்து சென்றது.

ஒருத்தி பலராகத் தோன்றுவது கண்ணை ஏமாற்றுவதன்றோ எனச் சிலர் வினவக்கூடும். ஆயின் அரங்கக் கலை எக்காலத்தில் ஒளியையும் மறைப்பையும் துறந்து வாழ்ந்தது? தூண்களின் நிழல் ஆடரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டதை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் குறிக்கின்றார். மூவகை எழினிகளையும் கூறுகின்றார். அன்றைய கலைஞர் நிழலை விலக்கினர். நம் நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் உதயசங்கர் நிழலை விரும்பி அழைத்தார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948இல் வெளிவந்த ‘கல்பனா’ படத்தில் ஒளியையும் நிழலையும் நடனத்தின் உறுப்புகளாகவே ஆக்கினார். 1970களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் அவர் நிகழ்த்திய ‘சங்கர்ஸ்கோப்’ காட்சியில் திரையுருவமும் மேடைக் கலைஞரும் ஒருங்கே இயங்கினர்.

ஆகவே உத்தியைக் கையாள்வது குற்றமாகாது. வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணம் சொல்லின் விளைவை நோக்கியது. பிறர்க்குத் தீமை பயவாமையே அதன் உயிர். அவ்வளவுகோலைக் கலைக்கும் கொள்ளலாம். மெக்லாரன் காட்டிய அத்தனை உருவங்களும் அந்நங்கை உண்மையில் ஆடிய கணங்களே. நம் கண் பற்றத் தவறியவற்றை அவர் சேர்த்து வைத்துக் காட்டினார். யாருடைய உழைப்பும் அங்கே களவாடப்படவில்லை. மாறாக, ஆடத் தெரியாதவரை ஆட வல்லவராகக் காட்டக் காட்சிகளைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டுவதும், மெய்யாக ஆடியவரின் பெயரை மறைப்பதும் வாய்மைக்கு மாறானவை. அங்கே பிறர் உழைப்புக்குரிய மதிப்பு பறிபோகிறது.

இன்று இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றுள்ளது. எவரும் ஆடாமலே ஆடும் உருவங்களைக் கணிப்பொறி படைத்துத் தருகின்றது. அவ்வுருவங்களுக்குக் கால் வலிப்பதில்லை, தாளம் தவறுவதில்லை. பல்லாயிரம் கலைஞர் வியர்வை சிந்தி ஆடிய பதிவுகளிலிருந்தே பொறி அதனைக் கற்றது என்பது மட்டும் திரையில் தெரிவதில்லை.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் இல்லங்களில், தட்டடவையும் நாட்டடவையும் திரையில் கண்டு பயிலும் குழந்தைகள் உண்டு. திரையை அவர்களிடமிருந்து பறிப்பது அறிவுடைமையாகாது. தொலைவில் உள்ள ஆசானை அதுவே அருகில் கொணர்கிறது. எந்த அழகிய அசைவைக் கண்டாலும், ‘இதை ஆடியவர் யார்? எத்துணை ஆண்டு பயின்றார்?’ என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் அவர்களிடம் வளர்ப்போம். அக்கேள்விக்குத் தயங்காமல் விடை தரும் படம், எத்துணை மாயம் செய்தாலும் வாய்மையுடையது. விடையை மறைக்கும் படம், கூடத்தில் நம் குழந்தை தடுமாறி வைக்கும் ஓர் அடிக்கும் ஈடாகாது.