சாவடிப் பொறுப்பாளர்

நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவர், விலகிச் சென்ற குரு, லேவியர், மனமிரங்கி நின்ற சமாரியர் ஆகியோரை எந்த மறையுரையும் மறப்பதில்லை. ஆனால் கதையின் இறுதியில் இன்னொருவர் வருகிறார். இரண்டு தெனாரியங்களைப் பெற்றுக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரின் காயங்களைத் தம் பொறுப்பில் ஏற்ற சாவடிப் பொறுப்பாளர் அவர். அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சமாரியர் மறுநாள் தம் வழியே சென்றுவிடுகிறார். நோயாளியின் இரவுகளும் பகல்களும் இவரிடமே விடப்படுகின்றன. இவரைப் பற்றி நாம் ஏன் இத்தனை குறைவாகச் சிந்தித்திருக்கிறோம்?

இக்கேள்வி எனக்கு ஓர் இளைஞரின் இருமல் வழியாக வந்தது.

சென்னையின் தெற்கு விளிம்பில், வயல்களும் ஏரிக்கரைகளும் அடுக்குமாடிகளாக மாறிவரும் பகுதியில் எங்கள் பங்கு உள்ளது. அக்கட்டடங்களை எழுப்புவோரில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கட்டுமிடத்தை ஒட்டிய தகரக் கொட்டகைகளே அவர்களின் உறைவிடம். 2023ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் அன்பியங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு ஞாயிறன்று அவர்களுக்காக இலவச மருத்துவ முகாம் நடத்தின. மருத்துவர்கள் வந்தனர், மருந்துகள் வழங்கப்பட்டன, மதிய உணவும் அளிக்கப்பட்டது. ஆலய அறிவிப்புப் பலகையில் நிழற்படங்கள் இடம்பெற்றன. அறச்செயல் ஒன்றை நிறைவேற்றிய மனநிறைவுடன் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமானோம்.

அம்முகாமுக்கு ஜார்க்கண்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் இருமலோடு வந்திருந்தார். சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு சீட்டு எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரங்களுக்குப் பின், கொட்டகைக்கு அருகில் வசிக்கும் எங்கள் அன்பியப் பொறுப்பாளரான அம்மையார் அவரைக் கண்டபோது, சளியில் இரத்தம் கலந்திருந்தது. சீட்டு மடித்தபடியே சட்டைப்பையில் இருந்தது. "ஏன் தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று அவர் கேட்டார். இளைஞர், கற்றிருந்த சில தமிழ்ச் சொற்களில் விடை கூறினார். போனால் அன்றையக் கூலி இல்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது. கேட்டறிய மொழியும் இல்லை.

குற்றம் அவருடையதன்று. நாங்கள் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தோம். உடன் செல்வதற்கு எங்களில் ஒருவரும் முன்வரவில்லை.

காசநோய் என்பது உறுதியாயிற்று. அதற்குரிய மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயாயின், ஆறு மாதங்கள் நாள் தவறாது மாத்திரை உட்கொள்வோரில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எனினும் இந்நோயில் ஒரு சூழ்ச்சி உண்டு. சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் தணிந்துவிடும். நலமடைந்துவிட்டதாக எண்ணி இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாய் மாறக்கூடும். ஆகவே ஒரு நாள் இரக்கம் இந்நோய்க்குப் பயன்படாது. ஆறு மாதங்கள் நீடிக்கும் அக்கறை வேண்டும்.

இந்நோயின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. காசநோயாளரைச் சானடோரியத்தில் நெடுநாள் தங்கவைத்துப் பராமரிப்பதே தக்க வழி என்று கருதப்பட்ட காலம் அது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளருள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டது. 1959இல் முடிவுகள் வெளியாயின. நெரிசலான ஏழை வீடுகளில் எளிய உணவுண்டு வாழ்ந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணம் பெற்றிருந்தனர். வீட்டில் வைத்துப் பராமரித்ததால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் மிகவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவம் மாறுவதற்கு இம்முடிவு வழிவகுத்தது.

ஏழையின் வீடும் நோய் தீர்க்கும் இடமாகலாம் என்று உலகுக்குக் காட்டிய நகரம் இது. ஆனால் இந்நகரில் வீடே இல்லாதவர் என்ன செய்வார்? பதினொருவர் படுத்துறங்கும் தகரக் கொட்டகையில், மாத்திரை உண்டாயா என்று கேட்பதற்குத் தாயில்லை. சோர்ந்த நாளில் கஞ்சி வைத்துத் தருவதற்குத் தமக்கையில்லை. புலம்பெயர்ந்த தொழிலாளியின் நோயில் பாதி இந்த இல்லாமைதான்.

நாங்கள் இப்பணியை மீண்டும் தொடங்கியபோது பங்குப் பேரவையில் சில வினாக்கள் எழுந்தன. அவை அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. "நம் பங்கிலேயே ஏழைகள் இருக்கும்போது அயலாருக்கு ஏன்?" என்றார் ஒருவர். அன்பு அண்மையில் தொடங்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கொட்டகை எங்கள் ஆலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. அண்மையை மொழியால் அளப்பதா, நடக்கும் அடிகளால் அளப்பதா?

"இது ஒப்பந்ததாரரின் கடமையல்லவா?" என்றார் மற்றொருவர். ஆம், கடமையே. வெளிமாநிலத் தொழிலாளர் குறித்த 1979ஆம் ஆண்டுச் சட்டம், இலவச மருத்துவ வசதி அளிப்பதை ஒப்பந்ததாரரின் பொறுப்பாக்கியது. அச்சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட புதிய தொகுப்பை 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நீதியால் கிடைக்க வேண்டியதை ஈகையாக அளித்து, கடமைப்பட்டவரைத் தப்பவிடுவது அறமாகாது. ஆனால் நீதி வரும்வரை நோய் காத்திருப்பதில்லை. ஆகவே இரண்டையும் செய்ய முனைந்தோம். ஒருவர் இளைஞரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இருவர் மேற்பார்வையாளரிடம் சென்று, மருத்துவமனை நாள்களின் கூலியைப் பிடித்தம் செய்யலாகாது என்று வாதாடினர். முழுக்கூலி கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது.

மூன்றாவது வினாவே கடினமானது. "இன்றைக்கு இங்கே இருப்பார், நாளைக்கு எங்கே போவாரோ? போகிறவருக்காக இத்தனை பாடு எதற்கு?"

நம் மரபில் இதற்கு விடை தேடினேன். மருத்துவமனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ 370ஆம் ஆண்டளவில் புனித பசிலியார் செசரியா நகருக்கு வெளியே எழுப்பிய இல்லங்களில் நோயாளரோடு வழிப்போக்கரும் இடம் பெற்றனர். நாம் ஆரோக்கிய அன்னை என்று அழைக்கும் வேளாங்கண்ணித் தாயின் ஆலய மரபிலும், புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகள் உண்டு. மொழி தெரியாமல் நம் கரையில் நின்றவர்கள் அவர்கள். உவமையில் வரும் சாவடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ, எல்லாரையும் ஏற்கும் இடம் என்று பொருள்படும். ஒரிஜன் முதலிய தொடக்கக்கால மறைநூல் விளக்கவுரையாளர்கள் அச்சாவடியைத் திருச்சபையாகவே கண்டனர். சாவடி என்பதே போகிறவருக்காக இருக்கும் இடமன்றோ? தங்கிவிடுபவரை மட்டும் ஏற்பதாயின் அதற்குச் சாவடி என்று பெயரில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020இல் எழுதிய 'ஃபிரத்தெல்லி தூத்தி' எனும் சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கினார். சமாரியரும் தனித்து எல்லாம் செய்துவிடவில்லை, சாவடிப் பொறுப்பாளரின் துணையை நாடினார் என்பதை அவர் நினைவூட்டுகிறார்.

எங்கள் பணி சிறியது. ஐந்து குடும்பங்கள் முறைவைத்து மாலைதோறும் கொட்டகைக்குச் சென்றன. இந்தி அறிந்த அருட்சகோதரி ஒருவர் மாத்திரை உண்ணும் முறையை விளக்கினார். உடன் உறங்கிய பத்துப் பேரையும் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். அப்போது அரசு காசநோயாளருக்கு மாதந்தோறும் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. அதைப் பெற வங்கிக் கணக்கின் விவரங்களைப் பதிய வேண்டும். படிவத்துக்கு முன் திகைத்து நிற்பவருக்கு அருகில் அமர்ந்து உதவுவதும் திருப்பணியே என்று அன்று அறிந்தேன்.

ஆகஸ்டு இறுதியில், ஆரோக்கிய அன்னை திருவிழாவின் கொடியேற்ற நாள்களில், அவர் வேறொரு நகரின் கட்டுமிடத்துக்கு மாற்றப்பட்டார். நான்கரை மாத மருந்து முடிந்திருந்தது. காசநோய்ப் பதிவை அவ்வூர் மருத்துவமனைக்கு மாற்றச் செய்து, வழிக்குச் சில நாள் மாத்திரைகளும் வாங்கிக் கொடுத்தோம். இருமுறை தொலைபேசியில் பேசினார். பின்பு அந்த எண் உயிர்ப்பில் இல்லை. எஞ்சிய மாத்திரைகளை அவர் உண்டு முடித்தாரா? அறியேன். அந்த அம்மையார் இன்றும் மாலைச் செபத்தில் அவர் பெயரைச் சொல்கிறார்.

சாவடிப் பொறுப்பாளருக்கும் தம்மிடம் விடப்பட்டவர் நலமாய் ஊர் சேர்ந்தாரா என்பது தெரிந்திராது. திரும்பி வருவதாகச் சமாரியர் கூறிய சொல்லை நம்பியே அவர் செலவு செய்தார். நாமும் அப்படியொரு வாக்குறுதிக்கும் வருகைக்கும் இடையில்தான் வாழ்கிறோம். அடுத்த தவக்காலத்தில் முகாம் நடத்துவது பற்றிப் பேசும் பங்குகள், அதற்கு அடுத்த ஆறு மாதங்களுக்கு யார் யார் நடந்து செல்வார்கள் என்பதையும் அன்றே எழுதி வைக்கட்டும்.