பகைவருக்காகக் கொடுத்த வெள்ளி

நற்செய்தி: மத்தேயு 5:43-48



பகைவரிடம் அன்பு காட்டவும், நம்மைத் துன்புறுத்துகிறவர்களுக்காக வேண்டிக்கொள்ளவும் ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் கட்டளையிடுகிறார். கேட்டவுடனே நம் மனசுக்குள் ஒரு குரல் எழும்: "சாமி, இதெல்லாம் புனிதர்களுக்குச் சரி. நம்மைப் போன்ற சம்சாரிகளுக்கு ஆகிற காரியமா?" அந்தக் குரலுக்குப் பதிலாக, கூலிக்குப் போர் செய்து பிழைத்த ஒருவரின் வாழ்க்கையை இன்று சொல்லப்போகிறேன். அவர் பெயர் ஓலாவ். நார்வே நாட்டின் பாதுகாவலர். அவருடைய திருவிழா ஜூலை 29.

ஏறத்தாழ 995ஆம் ஆண்டில் ஒரு சிற்றரசர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தகப்பன் இல்லாமல், தாய் ஆஸ்டாவிடம் வளர்ந்தார். மீசை முளைக்கும் முன்பே வைக்கிங் கப்பலில் ஏறிவிட்டார். கடலோர ஊர்களைக் கொள்ளையடிப்பதும், வெள்ளி கொடுப்பவனுக்காகக் கோடரி தூக்குவதும்தான் தொழில். 1011இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரைத் தாக்கிய படையில் அவர் இருந்ததை அவருடைய அவைக்கவிஞரே பெருமையாகப் பாடினார். அந்தப் படை சிறைபிடித்த பேராயர்தான் புனித அல்ஃபேஜ். தன்னை மீட்கப் பணம் கட்டினால் ஏழை ஜனங்கள்தான் நசுங்குவார்கள் என்று அவர் மறுத்தார். குடிவெறியில் இருந்தவர்கள் மாட்டெலும்புகளை எறிந்து அவரைக் கொன்றார்கள். ஓலாவோ பிறகு அணி மாறினார். எந்த மன்னரின் நாட்டைச் சூறையாடினாரோ, அதே எதெல்ரெட் மன்னருக்காகப் போரிட்டார்.

இந்த மனிதர்தான் 1014 வாக்கில் பிரான்சின் ரூவான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பி, 1016இல் எதிரிகளைக் கடற்போரில் வென்று நார்வேயின் அரசரானார். 1024இல் மோஸ்டர் தீவில் ஆயர் கிரிம்கெலுடன் கூடி, நாட்டுக்குக் கிறிஸ்தவச் சட்டம் வகுத்தார். பிறந்த குழந்தையை வெளியே போட்டுச் சாகவிடும் பழைய வழக்கத்துக்குக் கடிவாளம் விழுந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருமுழுக்குத் தண்ணீர் தலையில் விழுந்த பிறகும் கோடரி அவர் கையிலேயே இருந்தது. எதிர்த்த சிற்றரசர் ஒருவரின் கண்களைப் பறித்தார், இன்னொருவரின் நாக்கை அறுத்தார். கிறிஸ்துவை ஏற்க மறுத்தவர்களை மிரட்டினார், தண்டித்தார். இவற்றை நற்செய்திப் பணி என்று நாம் சொல்ல முடியாது. பேதுருவையே வாளை உறையில் போடச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்படியானால் இவர் எப்படிப் புனிதரானார்? கடவுள் இவரிடம் செய்த வேலை மெதுவாக நடந்த வேலை. அது தெரியத் தொடங்கியது, எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான்.

டென்மார்க்கையும் இங்கிலாந்தையும் ஆண்ட கனூட் மன்னர், நார்வேயின் பெருந்தனக்காரர்களுக்கு வெள்ளியை அள்ளிக் கொடுத்தார். வெள்ளிக்காகப் போர் செய்தவரின் நாட்டை இன்னொருவர் வெள்ளி கொடுத்தே வாங்கிவிட்டார். 1028இல் ஓலாவ் நாட்டைவிட்டு ஓடி, ரஷ்ய மண்ணை ஆண்ட தம் சகலை யாரோஸ்லாவிடம் அடைக்கலம் புகுந்தார்.

ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய வரலாற்றில் அந்த நாள்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு நாள் ஓலாவ் ஏதோ யோசனையில் ஆழ்ந்து, கத்தியால் ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யக் கூடாத நாள். அரசரை நேரடியாகக் கண்டிக்க வேலைக்காரனுக்குத் துணிவில்லை. நாளை திங்கள் என்று மட்டும் பணிவாகச் சொன்னான். அரசருக்கு உறைத்தது. ஒரு மெழுகுதிரி கொண்டுவரச் சொன்னார். சீவல்களைத் திரட்டி உள்ளங்கையில் வைத்துத் தீ மூட்டினார். அவை எரிந்து முடியும்வரை கையை எடுக்கவில்லை. பிறர் கண்களைப் பறித்தவர், ஒரு வேலைக்காரன் சொல்லுக்குப் பணிந்து தம் கையைச் சுட்டுக்கொள்கிறார். தீர்ப்பு இப்போது தம் பக்கம் திரும்பியிருக்கிறது.

1030இல் நாட்டை மீட்கச் சிறு படையோடு திரும்பினார். ஸ்டிக்லெஸ்டாட் என்ற ஊரில், அவருடைய சொந்தக் குடிமக்களே பெரும் படையாக எதிர்த்து நின்றார்கள். போருக்கு முன் ஒரு விவசாயியை அழைத்து வெள்ளிப் பணம் கொடுத்தார். ஆலயங்களுக்கும் குருக்களுக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்து, இறப்பவர்களின் ஆன்மாவுக்காக மன்றாடச் செய்யும்படி சொன்னார். உங்கள் ஆட்களுக்காகத்தானே என்று விவசாயி கேட்டார். இல்லை, எதிரே நின்று நம்மோடு போரிட்டுச் சாகப்போகிறவர்களுக்காக என்றார்.

சகோதர சகோதரிகளே, ஆளைக் கொல்லக் கூலியாக வெள்ளி வாங்கிய கை அது. தன்னைக் கொல்ல வருகிறவனுக்காக அதே கை வெள்ளி கொடுக்கிறது. அன்றும் அவர் போர்க்களத்துக்குத்தான் போனார். ஆனால் காலில் முதல் வெட்டு விழுந்ததும் ஒரு பாறையில் சாய்ந்து, வாளை எறிந்துவிட்டுக் கடவுளை வேண்டினார். அப்படியே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ஆயர் கிரிம்கெல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கல்லறை இருந்த இடத்தில்தான் இன்று ட்ரொண்ட்ஹைம் நகரின் நிடாரோஸ் பேராலயம் நிற்கிறது.

பகைவர்களுக்காக அவர் செய்யச் சொன்ன மன்றாட்டு வீண்போகவில்லை. அவரை ஈட்டியால் குத்திய தோரே ஹுண்ட், அவருடைய புனிதத்தை முதலில் அறிக்கையிட்டவர்களுள் ஒருவரானார். பின்னர் எருசலேமுக்குத் திருப்பயணம் போனதாக ஸ்னோரி எழுதுகிறார். எதிர்ப்படையை நடத்திய கால்வ் ஆர்னெசனே 1035இல் ஓலாவின் மகன் மாக்னஸை அழைத்துவந்து அரியணையில் அமர்த்தியவர்களில் ஒருவர்.

நாமும் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம். அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா என்று நம் வீட்டுப் பெயர்களாகவே எழுதுகிறோம். நல்லதுதான். ஆனால் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு இழுத்தவர் பெயரை எழுதியிருக்கிறோமா? பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வராமல் போன அண்ணன் பெயரை? அவரைப் பார்த்துப் பேசும் அளவுக்கு மனசு இன்னும் ஆறவில்லை என்றால் பரவாயில்லை. ஓலாவுக்கும் ஒரே நாளில் மனசு மாறிவிடவில்லை. மன்றாட்டிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வாரம் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவர் ஒருவருக்காக ஒரு பூசை வையுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம், "ஒரு சகோதரருக்காக" என்று எழுதினால் போதும். யார் என்று ஆண்டவருக்குத் தெரியும். அந்தப் பூசைக்கு நீங்களும் வந்து முழந்தாளிடுங்கள்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.