கையெழுத்துப் பழகும் வயது

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பத்து விதமாகப் போட்டுப் போட்டுப் பார்க்கும் பதினைந்து வயதுப் பையனைக் கண்டு, பொழுதை வீணாக்குகிறான் என்று கடிந்துகொள்ளும் நாம், ‘நான் யார்?’ என்ற வினாவுக்கு அவன் விடை தேடிக்கொண்டிருக்கிறான் என்பதை உணர்வதில்லை.

1902-இல் ஜெர்மனியில் பிறந்து, பெற்ற தகப்பன் இன்னாரென்று கடைசிவரை அறியாமல், தாயின் இரண்டாம் கணவருடைய பெயரைத் தாங்கி வளர்ந்து, அமெரிக்கப் பிரஜையானபோது தமக்கென்று ஒரு புதுப்பெயரைத் தாமே சூட்டிக்கொண்ட மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்சன், அவ்வினாவின் வேதனையை நன்கறிந்தவர். 1950-இல் வெளிவந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற நூலில் அவர் மனித ஆயுளை எட்டுப் பருவங்களாக வகுத்து, மனத்தின் வளர்ச்சி பால்யத்தோடு முடிவதில்லை என்று காட்டினார். குமரப் பருவத்தில் தன்னை அறிதல், யௌவனத்தில் பிறரோடு மனமொன்றிப் பழகுதல், நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுதல், முதுமையில் வாழ்ந்த வாழ்வைக் குறைகளோடும் ஏற்றுக்கொள்ளுதல் என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காரியம் உண்டு. அது பூர்த்தியாகாவிடில், அடுத்த பருவத்திலும் கடன்போல் பின்தொடரும்.

ஆகவே, திண்ணையில் சாய்ந்து சொன்ன கதையையே சொல்லிக்கொண்டிருக்கும் தாத்தாவும் ஒருவகையில் அந்தப் பையனின் வேலையையே செய்கிறார்: அவன் வரப்போகும் வாழ்வை எழுதிப் பார்க்கிறான், அவர் எழுதி முடித்ததைப் படித்துப் பார்க்கிறார். இருவரையும் இடைமறிக்காமல், சற்றே பொறுமையோடு உடனிருப்போமாக.