முழங்காலுக்குக் கீழே ஓர் ஏரி

சின்னப் பிள்ளைகளோடு வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் தொலைநோக்கியைக் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருக்கலாம். நான்கு வயதுக் கண்ணுக்கு அதன் வழியே வானம்தான் ஆடும், பறவை அகப்படாது. அந்த வயதின் உலகம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஏரியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மகன் கரையோரம் குந்திக்கொண்டான். கையில் ஒரு நத்தை ஓடு. பழுப்பு நிறம், சுழியில் பச்சைப் பாசி. உடைசல் எங்கும் இல்லை. வாயை அடைத்திருக்கும் மூடி மட்டும் காணோம். விரலை விட்டுப் பார்த்தான். ஈர மண்.

"அம்மா, நத்தை எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவனும் அக்காவும் தலையைத் தூக்கினார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரத்தில் நத்தைகுத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, பாக்குவெட்டியில் தெரிவதுபோல. கீழலகின் நுனியை மூடிக்கு அடியில் செலுத்திச் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் முழுதாகவே மிஞ்சும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும் என்றேன். மகள் முன்பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் பூனையும் நரியும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. அதற்காகவே பறவைகள் இங்கே வருகின்றன. வடகிழக்கு மழை பொய்த்தால் அவற்றின் வரத்தும் குறைந்துபோகிறது.

எச்சம் தண்ணீரில் விழுகிறது, தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. இந்தக் கணக்கை ஊரார் எப்போதோ போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்து வாங்கியவர்கள் இவர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏரி இடம்பிடித்தது. எனக்கு அந்த முதல் எழுத்தின்மேல்தான் மதிப்பு அதிகம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஒரு கிராமம் மனசு வைத்துக் காத்துக்கொள்ளக்கூடிய அளவு.

*

அமைதி காக்கச் சொல்லும் பலகையைப் பிள்ளைகள் படிப்பதில்லை. பெரியவர்கள் படித்துவிட்டுப் போனில் பேசுகிறார்கள். பலகையை விட்டுவிட்டு, இந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று சொன்னேன். மகள் ரொம்ப நேரம் பேசவில்லை.

"அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு வருத்தமா இருக்காதாம்மா?"

இருக்கும் என்றேன். மழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. சரணாலயம் என்றதும் கம்பி வேலியும் காவலரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். பக்கத்து ஊரின் வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் மத்தாப்போடு நிற்கிற ஒரு பிள்ளையும் இந்தக் கூடுகளைக் காக்கிறது. அதை என் மகள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள்.

பிறகு கரையில் அவள் குரல் தானாகவே தணிந்தது. தம்பி கத்தியபோது அவன் வாயைப் பொத்தினாள்.

*

மாலையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகின்றன. அந்த நேரம்தான் வக்காக்கள் இரை தேடக் கிளம்புகின்றன. ஒரே மரத்தில் இறங்குகிறவையும் ஏறிப் பறக்கிறவையும். கூழைக்கடா இறங்கும்போது கிளை தாழ்ந்து நிமிர்வதை மகன் கவனித்துக் காட்டினான். இப்போது அவனாகவே மேலே பார்க்கிறான்.

ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம். இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்றதும் அழுதான். கடைசியில், எடுத்த இடம் எது என்று அவனே தேடி, வாய் கீழே இருக்கும்படி வைத்தான்.

தண்ணீர் வற்றுவதற்குள் இன்னொரு முறை வர வேண்டும். அதற்குள் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் எழுந்து நிற்கும். அலகு மூடியிருக்கிறதா என்று பார்க்க மகளுக்கு அப்போது தொலைநோக்கி தேவைப்படும்.